சாவி கொடுத்த காலம்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் கண்காட்சி நடக்கும் சனவரி நாட்களில், கைகள் கனக்கும்வரை நூல்களை வாங்கிவிட்டு, பேருந்து ஏறுவதற்கு முன் அருகிலிருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சென்று காபி அருந்துவது என் வழக்கம். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி ஒன்று உண்டு. முதல்முறை வருபவர்கள் அதில் புத்தகங்கள் இருக்கும் என்றே எண்ணுவார்கள். உள்ளே இருப்பவை நாற்பத்தொரு கைக்கடிகாரங்கள். அனைத்தும் சாவி கொடுத்தால் ஓடுபவை. பேட்டரி போட்டது ஒன்றுகூட இல்லை. நாற்பது கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும். அன்று காலை அவர் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்ட ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"மணி பார்க்க ஒரு கடிகாரம் போதாதா, சார்?" என்று முதல் சந்திப்பில் கேட்டேன். அவர் என் பையிலிருந்து எட்டிப்பார்த்த புத்தகத்தைச் சுட்டிக்காட்டி, "குறளுக்கு உங்க வீட்ல எத்தனை உரை இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். ஆறு இருந்தன. அதன்பிறகு நான் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

ஆனால் அந்த ஒப்பீடு மனத்தில் தங்கிவிட்டது. கடிகாரச் சேகரிப்பு என்றாலே செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். அது முற்றிலும் தவறான எண்ணமுமல்ல. 2017இல் நியூயார்க்கில் ரோலக்ஸ் டேடோனா கடிகாரம் ஒன்று ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது தங்கமல்ல, எஃகு. ஹாலிவுட் நடிகரும் காரோட்டப் பந்தய வீரருமான பால் நியூமனுக்கு அவருடைய மனைவி வாங்கிக்கொடுத்தது. 'பார்த்து ஓட்டுங்கள்' என்ற பொருளில் ஒரு சிறு வாசகத்தை அதன் பின்புறத்தில் அவர் பொறிக்கச் செய்திருந்தார். 2009இல் அதே நகரில் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, உணவுக் கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு அவருடைய ஜெனித் பைக்கடிகாரமும் ஏலத்திற்கு வந்து, 18 லட்சம் டாலருக்கு விலைபோனது. உலோக மதிப்பென்று பார்த்தால் இரண்டும் பெரிதல்ல. ஒரு கை அதைத் தொட்டுப் புழங்கியது என்பதற்கே அந்த விலை.

அப்படியானால் சேகரிப்பவர் உண்மையில் சேகரிப்பது எதை? இக்கேள்விக்கு விடை தேடப் போனபோது சென்னையின் வரலாற்றில் ஓர் இழை கையில் அகப்பட்டது. அதைப் பின்தொடர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

*

நேரம் அறிவது நம்மிடையே ஒருகாலத்தில் தனியொருவரின் உடைமையாக இருக்கவில்லை. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கலத்தைப் பார்த்து நாழிகை கணக்கிட்டு அரசனுக்குச் சொல்வோர் வருகிறார்கள். நேரத்தை அளப்பதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் அறிவிப்பதைப் பிறர் கேட்டுக்கொண்டார்கள். கோயில் மணியும் சேவலும் நிழலின் நீளமும் போதுமாயிருந்த ஊர்களில் 24 நிமிடம் கொண்ட நாழிகையே போதிய நுட்பமுடைய அலகாக இருந்தது. நிமிடம் என்பது ரயில் வந்த பிறகுதான் சாமானியனின் கவலையாயிற்று.

அந்த நிமிடம் நம் ஊருக்கு வந்த வழி சுவையானது. நந்தனத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு நிறுவிய வானாய்வுக்கூடத்தின் எச்சம் அது. கூடத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயர் அதில் இருக்கிறது. தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கு பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது 'மெட்ராஸ் நேரம்' என்று நிலைபெற்றது. பிற்பாடு இருப்புப்பாதைகள் நாடெங்கும் இணைந்தபோது, கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் உள்ளூர் நேரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்க, ரயில்கள் மட்டும் இரண்டிற்கும் இடைப்பட்ட மெட்ராஸ் நேரத்தில் ஓடின. 1906 சனவரி 1 முதல் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்திய இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அன்று சென்னைக்காரர்கள் தங்கள் கடிகாரங்களை ஏறத்தாழ 9 நிமிடம் முன்தள்ளி வைத்திருக்க வேண்டும். நம் நகரத்திற்கென்று ஒரு நேரம் இருந்து, பின் இல்லாமற்போனது. இன்றும் நண்பரின் அலமாரியில் ஒரு கடிகாரம் நடப்பு நேரத்திற்கு 9 நிமிடம் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அவர் சாவி கொடுக்கும் நாட்களில், "இன்னிக்கு நான் மெட்ராஸ்ல இருக்கேன்" என்பார்.

ரயில் நேரம் தெரிய வேண்டியவர்கள், நீதிமன்ற நேரம் தெரிய வேண்டியவர்கள், அலுவலகத்திற்குச் செல்பவர்கள் ஆகியோரோடுதான் கடிகாரம் தனிமனிதரின் சட்டைப்பைக்குள் நுழைந்தது. அவர்களில் வசதி படைத்தோர் நாடிச்சென்ற இடம் மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ். கடிகாரத் தொழிலில் தேர்ந்த பீட்டர் ஓரின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் 1849ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டது. மணிக்கூண்டோடு கூடிய அதன் கட்டடம் 1870களின் இறுதியில் எழுந்தது. கடிகாரங்களோடு வெள்ளிப் பொருட்களுக்கும் புகழ்பெற்ற கடை அது. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்க் கலங்களைச் செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள்.

சேகரிப்பாளர்களுக்கு அந்தக் கடையின் பெயர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. அக்காலத்தில் இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ செய்யப்பட்ட கடிகாரங்களின் முகப்பில், செய்தவர் பெயரைவிட விற்றவர் பெயரே பெரிதும் இடம்பெற்றது. 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்த பைக்கடிகாரங்களும் சுவர்க்கடிகாரங்களும் இன்றும் ஏதேனும் ஒரு வீட்டின் அடுக்கிலிருந்து வெளிப்படுகின்றன. உள்ளே இருக்கும் இயந்திரம் அந்நிய நாட்டுடையது. முகத்தில் நம் ஊரின் பெயர். மொழிபெயர்ப்பு நூலொன்றின் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் விடுபட்டு, பதிப்பகத்தின் பெயர் மட்டும் இருப்பதைப் போன்றது இது. மூடியைத் திறந்து இயந்திரத்தில் இருக்கும் சிறு முத்திரைகளைப் பார்த்து, இதை உண்மையில் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறியும் இன்பம் இருக்கிறது.

வடக்கே பம்பாய் வழியாகச் சுவிஸ் நிறுவனங்கள் நேரடியாக வந்தன. 1737ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் ஃபேவர்-லூபா 1865இல் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தது. 1886இல் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, இந்தியாவை மனத்தில் வைத்தே 'சோவார்' என்ற பெயரைத் தேர்ந்தது. குதிரைவீரன் என்று பொருள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சட்டைப்பையைத் துழாவ நேரமில்லாதபோது கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. 1931இல் பிறந்த ரிவெர்ஸோ கடிகாரத்தின் கதையிலும் இந்தியா உண்டு. போலோ ஆடும்போது கண்ணாடி உடைந்துபோகிறதே என்று இங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் குறைபட்டதால்தான், முகத்தைத் திருப்பி முதுகைக் காட்டும்படி அது வடிவமைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். இன்று பெருநகர வணிக வளாகங்களில் லட்சங்களுக்கு விற்கும் ஓர் ஆடம்பரப் பொருள், நம் வெயிலில் ஆடிய ஒரு விளையாட்டிலிருந்து பிறந்தது.

*

இந்தக் காலகட்டம்வரை கடிகாரம் என்பது ஆடம்பரமே. அதைக் கீழிறக்கியது விடுதலைக்குப் பிந்தைய அரசு.

1953இல் பெங்களூரில் இயந்திரங்கள் செய்வதற்கென நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கு உருவான முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் ஜவஹர்லால் நேரு. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி நெருக்கப்பட்டிருந்த காலம் அது. சுவிஸ் கடிகாரம் வேண்டுமென்றால் கப்பலில் வருபவரையோ கடத்தல்காரரையோ நம்ப வேண்டும். சென்னையில் 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான பர்மா பஜாரில், வெளிநாட்டுக் கடிகாரங்கள் தாளில் சுற்றப்பட்டுக் கைமாறின. பின்னாளில் வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் மணிக்கட்டில் செய்கோ 5 மின்னியது. 'ஃபாரின் வாட்ச்' என்ற சொல்லே ஒரு தகுதியாக இருந்தது.

மற்றவர்களுக்கு எச்.எம்.டி. 'ஜனதா' என்றால் மக்கள். பெயரே ஒரு கொள்கை அறிக்கை. பைலட், ஜவான், கோஹினூர், சோனா, காஞ்சன், சுஜாதா என்று பின்னால் வந்த பெயர்களை வரிசையாகப் படித்தால், ஒரு புதிய குடியரசு தன்னைப் பற்றிக் கண்ட கனவுகளின் பட்டியல்போல் இருக்கும். பெயர்கள் பெரும்பாலும் வடமொழியும் இந்தியும்தான். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட தமிழ்நாட்டில் அதைப்பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் அது வெறும் 'எச்சம்டி வாட்ச்'. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய பிள்ளைக்கும், தாலி கட்டப்போகும் மாப்பிள்ளைக்கும், பணி ஓய்வு பெறும் எழுத்தருக்கும் ஒரே கடிகாரம். வாழ்வின் மூன்று வாசல்களிலும் அது நின்றது.

அதற்குள் நிகழ்வதைச் சற்றுச் சொல்ல வேண்டும். இந்தச் சேகரிப்பின் இன்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. காலையில் திருகும்போது, உள்ளே ஒரு சிறு பீப்பாய்க்குள் சுருண்டிருக்கும் எஃகு நாடா இறுகுகிறது. அது விரிய முயல்கிறது. அந்த விரிவை ஒரேயடியாக நிகழவிடாமல் பல்சக்கரங்கள் வழியே கடத்தி, கடைசியில் ஒரு சிறு கவை தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்தக் கவைக்குக் கட்டளையிடுவது, மயிரிழை போன்ற சுருளோடு இடமும் வலமும் ஆடும் பேலன்ஸ் சக்கரம். ஜனதாவில் இது மணிக்கு 18,000 அடிகள், அதாவது நொடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் கேட்கும் ஒலி அந்தத் தடுத்தலின் ஒலி. முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று இருந்ததைப் பார்த்து, உள்ளே பதினேழு விலையுயர்ந்த மணிகள் இருப்பதாக ஊரில் நம்பினார்கள். அவை செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரங்களின் அச்சு உராய்ந்து தேயாமலிருக்க வைக்கப்படுபவை. விலை சொற்பம், வேலை பெரிது.

ஓர் ஆற்றலை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக மட்டுமே செலவிடும்படி கட்டுப்படுத்துவதுதான் இயந்திரக் கடிகாரத்தின் தத்துவம். யாப்பும் வேறென்ன செய்கிறது? சொல்லவந்த உணர்ச்சியைச் சீரும் தளையும் தடுத்துத் தடுத்து விடுகின்றன. தடுப்பதனால்தான் ஓசை பிறக்கிறது. வகுப்பில் வெண்பாவின் தளை பற்றிச் சொல்லும்போது ஒருமுறை இதை உவமையாகச் சொன்னேன். மாணவர்களில் ஒருவரும் சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை என்பது அதன்பிறகுதான் தெரிந்தது.

*

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தால் அதிரும் ஒரு சிறு படிகம் நேரத்தைக் கணக்கிட்டது. நன்றாக ஓடும் இயந்திரக் கடிகாரமும் ஒரு நாளில் சில நொடிகளாவது பிசகும். குவார்ட்ஸ் ஒரு மாதத்தில் பிசகுவதே அவ்வளவுதான். விலையும் விரைவில் வீழ்ந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். நூற்றாண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கைத்திறன் ஒரே தலைமுறையில் பழம்பொருளாயிற்று.

அந்த அலை நம்மை அடைந்தது ஓசூர் வழியாக. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், 1980களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தை எச்.எம்.டி. அதற்கு முன்பே செய்திருந்தது. ஆனால் தன் எதிர்காலம் அதில் இருப்பதாக அது நம்பவில்லை. டைட்டன் நம்பியது. கடிகாரத்தைப் பரிசுப்பொருளாகவும் அணிகலனாகவும் அது விற்றது. வெளிச்சமிக்க கடைகளைத் திறந்தது. எச்.எம்.டி.யின் வீழ்ச்சிக்குத் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிடைப்பதை வாங்கிக்கொள்ள வரிசையில் நின்ற மக்கள், விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளர்களாக மாறியதை அந்த நிறுவனம் கடைசிவரை உணரவில்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்த எச்.எம்.டி. வாட்சஸை மூடிவிட 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014இல் வெளியானவுடன் நடந்ததுதான் விந்தை. இருபதாண்டுகளாக அந்தக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள் கடைகளுக்கு விரைந்தார்கள். விற்பனையாகாமல் தூசு படிந்திருந்த பைலட்டுகளும் ஜனதாக்களும் சில வாரங்களில் தீர்ந்தன. இணையத்தில் விலை இரட்டித்தது, பின் மும்மடங்காயிற்று. மக்கள் கடிகாரம் இறந்த பிறகு ஆடம்பரமாயிற்று. ஆனால் இந்த ஆடம்பரத்திற்கும் பி. ஓர் காலத்து ஆடம்பரத்திற்கும் வேறுபாடு உண்டு. அன்று விலை கொடுத்தது பிறரிடம் இல்லாததை வாங்க. இன்று விலை கொடுப்பது, எல்லார் வீட்டிலும் இருந்ததை மீட்க.

*

இதுவரை சொன்னதில் என் சொந்தக் கதை இல்லை. இனிச் சொல்லாமல் முடியாது.

என் தந்தை நாகப்பட்டினத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் சேமித்து வாங்கியது ஒரு ஜனதா. வெள்ளை முகப்பு. எனக்கு விவரம் தெரிந்த நாட்களில் அது வெள்ளையாக இல்லை. பழுத்த பனையோலையின் நிறத்திற்கு வந்திருந்தது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒரு பழுப்புக் கறை, நுனி சுருண்ட இலைபோல. 1977 நவம்பரில் நாகையைச் சூறையாடிய புயலின்போது உள்ளே நீர் புகுந்ததால் உண்டானது என்பார் அம்மா. நான் பிறப்பதற்கு முந்தைய நிகழ்ச்சி. அந்த இரண்டு நாட்கள் அப்பா எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்பதை அவர் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் கறையைக் காட்டுவார். அவ்வளவுதான்.

அவர் மறைந்த பின் கடிகாரம் என்னிடம் வந்தது. ஓடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். "புதுசு மாதிரி பண்ணிடலாமா சார்?" என்று கேட்டார்கள். சரி என்றேன். ஒரு வாரம் கழித்து வாங்கியபோது உண்மையிலேயே புதிதாக இருந்தது. பளிச்சென்ற வெள்ளை முகப்பு, மெருகேற்றிய உறை, கீறலற்ற கண்ணாடி. மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவர், "இது யாருதுப்பா?" என்றார்.

பழைய கடிகாரங்களின் முகப்பைச் சுரண்டி, மீண்டும் வண்ணமடித்து, எழுத்துகளை அச்சிட்டு விற்பது இன்று பெரிய தொழில். எச்.எம்.டி., வெஸ்ட் எண்ட், ஃபேவர்-லூபா ஆகிய மூன்றும் இதற்கு அதிகம் இரையாகின்றன. ஒருபோதும் இருந்திராத நீலத்திலும் சிவப்பிலும் முகப்புகள் வருகின்றன. அளவு ஒத்துப்போனால் ஒரு மாதிரியின் முகப்பு இன்னொன்றின் இயந்திரத்தின்மேல் ஏறுகிறது. இவற்றுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. வாங்குபவர்களைப் பார்த்துத்தான் செய்பவர்கள் செய்கிறார்கள். நாம்தான் பழையது வேண்டும் என்கிறோம். அது பழையதாகத் தெரியவும் கூடாது என்கிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய நோயல்ல. ஏட்டைப் படியெடுத்தவர், விளங்காத சொல்லைத் தனக்கு விளங்கிய சொல்லாக மாற்றினார். சிதைந்த இடத்தில் தானே ஒரு வரியைப் புனைந்து நிரப்பினார். படிக்க இடறாத ஏடு கிடைத்தது, பாட்டு தொலைந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது தொடங்கி அரும்பாடுபட்டதில் பெரும்பகுதி, பல ஏடுகளை ஒப்புநோக்கி வேறுபாடுகளைக் கண்டதும், கிடைத்த பாடபேதங்களைக் குறித்துவைத்ததும்தான். விளங்காததை விளங்காதது என்றே விட்டுவைக்கும் நேர்மை பதிப்பாசிரியருக்கு வேண்டும். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லிவரும் நான், என் தந்தையின் கையிலிருந்த ஒரே ஏட்டின் முதல் பக்கத்தை அழித்து எழுதச் சம்மதித்திருந்தேன்.

*

நந்தனத்து நண்பரிடம் இதை நெடுநாள் சொல்லவில்லை. சென்ற கண்காட்சியின்போது அவரே என் கையைப் பார்த்துவிட்டு, "முகப்பு மாத்தியிருக்காங்களே" என்றார். எழுத்தின் தடிமனும், எண்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இம்மியளவு விலகியிருப்பதும் அவருக்கு உடனே தெரிந்தன. கதையைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. மேசை விளக்கைப் போட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, கத்தி போன்ற ஒரு சிறு கருவியால் கடிகாரத்தின் பின்மூடியை நெம்பித் திறந்தார். இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு கழற்றிய மூடியைக் கவிழ்த்து விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, "இதைப் படிங்க" என்று கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

மூடியின் உட்புறத்தை மெருகேற்றுபவர்கள் யாருமில்லை. அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்த வளைந்த எஃகின்மேல், ஊசியால் கீறியதுபோல மெல்லிய எழுத்துகள் இருந்தன. கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் ஒவ்வொருவரும் தன் அடையாளத்தையும் தேதியையும் அப்படிக் கீறிவைப்பது தொழில்வழக்கம் என்று நண்பர் சொன்னார். அடுத்தமுறை அதே கடிகாரம் வந்தால் தான் முன்பு எப்போது கைவைத்தோம் என்று தெரிந்துகொள்ளலாம். வேறொருவரிடம் போனால் அவருக்கும் தெரியும். ஏடு எழுதி முடித்தவர் தன் பெயரையும் ஆண்டையும் நாளையும் கடைசியில் எழுதிவைப்பதே என் நினைவுக்கு வந்தது.

ஆறு கீறல்கள். சில வெறும் எண்கள். சிலவற்றில் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ. ஒன்று 83. ஒன்று 91. எல்லாவற்றிலும் பழையது விளிம்பை ஒட்டி இருந்தது. விளக்கைச் சற்று நகர்த்தியதும் தெளிவாயிற்று: 12-77.

புயல் வீசியது நவம்பரில். அடுத்த மாதமே அப்பா அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார். ஊர் முழுவதும் கூரையில்லாமல் கிடந்த நாட்களில், நாகையிலோ பக்கத்து ஊரிலோ ஒரு கடிகாரக்காரர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே புகுந்த நீரைத் துடைத்து, துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு ஓடவைத்திருக்கிறார். முகப்பின் கறையை மட்டும் அவர் தொடவில்லை. வசதியில்லாமல் தொடவில்லையா, அப்பா வேண்டாமென்றாரா என்பது இனித் தெரியப்போவதில்லை.

அந்த வகையில், சேகரிப்பவர் சேகரிப்பது எதை என்ற கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. நேரத்தை அல்ல, அது கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. பொன்னையோ எஃகையோகூட அல்ல. ஒரு பொருள் பல கைகளைக் கடந்து வந்ததற்கான சாட்சியத்தை. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது. உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் ஒரு எச்.எம்.டி. நின்றுபோய்க் கிடக்கக்கூடும். அதை ஓட வையுங்கள். உள்ளே சுத்தம் செய்து எண்ணெயிடச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். வார் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். இவை மாற்றப்படுவதற்கென்றே உள்ளவை. முகப்பைத் தொடவேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். உறையை மெருகேற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பின்புறத்தில் யாரேனும் யாருக்கேனும் அன்போடு பொறித்த எழுத்து இருந்தால் அது மெருகில் தேய்ந்துபோகும். முடிந்தால், பழுதுபார்ப்பவரிடம் மூடியின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். அத்தொழிலைச் செய்பவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதைக் காட்டுவதில் மகிழ்ச்சியே இருக்கும்.

நண்பர் இயந்திரத்தைத் துடைத்து, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டுவைத்து முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. மூடியை அடைப்பதற்கு முன் ஊசியை என்னிடம் நீட்டினார். "நான் தொழில்காரன் இல்ல. நீங்க எழுதுங்க" என்றார். விளிம்பில் இடம் பார்த்து, மாதத்தையும் ஆண்டையும் கீறினேன். கை நடுங்கியதால் எண்கள் கோணலாக விழுந்துவிட்டன. அப்படியே இருக்கட்டும் என்று மூடியை அழுத்தி அடைத்தோம்.

இப்போது தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறேன். ஒரு நாளில் அரை நிமிடம் பின்தங்குகிறது.